ஃபாக் லைட் மாற்றியபின் மூன்று கோளாறுகள்: இடது இண்டிகேட்டருக்கு மட்டும் ஏன் துடிக்கிறது?

பிப்ரவரி 3, காலை: வந்த கேள்வி

காரில் இருந்த ஹாலஜன் ஃபாக் லைட் மங்கிப்போனதால் எல்.இ.டி. வாங்கிப் போட்டேன். ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஃபியூஸ், வயர் எல்லாம் சேர்ந்து ஒரே கிட்டாக வந்தது; நானே மாட்டினேன். விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஆனால் மூன்று தொல்லைகள். இரவில் இடது இண்டிகேட்டரைப் போட்டால் ஃபாக் லைட் துடிக்கிறது, வலது பக்கம் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. டாஷ்போர்டில் பல்பு பழுது என்ற எச்சரிக்கை வருகிறது. இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. எல்.இ.டி. மட்டமான சரக்கு என்கிறார்கள். திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கட்டுமா?

பிப்ரவரி 3, இரவு 9.15

திருப்பி அனுப்ப வேண்டாம். விளக்கு பளிச்சென்று எரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நன்றாக எரிகிற விளக்கின் மேல் பழி போடுவதற்கு முன் அதற்கு மின்சாரம் போகிற வழியையும், அது திரும்பி வருகிற வழியையும் பார்த்தாக வேண்டும்.

என் கணிப்பு: எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உலோகப் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லை. இண்டிகேட்டர் போட்டால் வேறொரு விளக்கு ஆடுகிறது என்றால் இரண்டும் ஒரே இடத்தில் எர்த் ஆகின்றன, அந்த இடம் கெட்டிருக்கிறது என்று பொருள். என் காரின் கம்பெனி வயரிங்கில் இடது பக்க ஹெட்லைட், இண்டிகேட்டர், ஃபாக் லைட் மூன்றின் எர்த் வயர்களும் ஒரே போல்ட்டில்தான் வந்து சேர்கின்றன. அந்த போல்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே துரு அரை ஓம் அளவுக்குத் தடை போட்டாலே போதும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒவ்வொரு முறை மின்னும்போதும் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் அந்த வழியாகத் திரும்பப் பார்க்கும். போல்ட்டில் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். அந்த அளவு ஃபாக் லைட்டுக்குக் கிடைக்க வேண்டியதில் குறையும். விளக்கு கூடவே ஆடும்.

அளக்கும் முறை: மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஃபாக் லைட்டும் இண்டிகேட்டரும் இயங்கிக்கொண்டிருக்கட்டும். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில். சிவப்பு முனை, விளக்கின் கனெக்டருக்குள் எர்த் வயர் வருகிற டெர்மினலில். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்ல எர்த். 0.2-ஐத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 9.50

ஒன்றை விட்டுவிட்டேன். இதை ஓம் நிலையில் வைத்து அளக்காதீர்கள். வயரின் இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் "தொடர்பு இருக்கிறது" என்று கீச்சிடும். அந்த ஒற்றை இழையில் நான்கு ஆம்பியர் போகும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். ஆகையால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

பிப்ரவரி 4, காலை 7.30

எர்த் என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் காரிலும் ஃபாக் லைட்டை மாற்றினேன். கம்பெனி போட்டது எச் 16, 19 வாட் பல்பு. அந்தக் குடும்பத்தில் எச் 8 என்றால் 35 வாட், எச் 11 என்றால் 55 வாட். பார்வைக்கு எல்லாம் உடன்பிறப்புகள் மாதிரி இருக்கும். தவறான பல்பு உள்ளே போகாதபடி கழுத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்குகள்தான் வேறுபடும். அந்த நாக்கை அரத்தால் தேய்த்து எச் 11-ஐ உள்ளே தள்ளினேன். செய்யக் கூடாத வேலை. 1.6 ஆம்பியருக்கென்று வைத்த கனெக்டரில் 4.6 ஆம்பியர் ஓடியது. மின்னோட்டம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்றால் டெர்மினலில் பிறக்கும் சூடு எட்டு மடங்குக்கும் மேல். சூடு ஓட்டத்தின் வர்க்கமாக ஏறும். மூன்றே வாரத்தில் வெள்ளைக் கனெக்டர் பழுப்பாகி, ஒரு முனை உருகிச் சாய்ந்திருந்தது. அதைத் தொட்டபோது தேன்மெழுகு போல் விரலில் வளைந்தது.

அப்புறம்தான் முறையாக 55 வாட்டுக்கென்றே செய்த விளக்குக் கூட்டையும், ரிலேயையும், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரையும் போட்டேன். எர்த்துக்குப் பம்பருக்குப் பின்னால் புதிதாக ஒரு போல்ட் முடுக்கினேன். எல்லாம் புதிது, ஆனால் இடது விளக்கு வலதைவிட மஞ்சளாக, தளர்ந்து எரிந்தது. பல்பை மாற்றினேன், ரிலேயை மாற்றினேன், வயரைக்கூட மாற்றினேன். கடைசியில் எர்த் பக்கத்தை அளந்தபோது 1.8 வோல்ட். போல்ட் தொட முடியாமல் சுட்டது.

கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். வளைய டெர்மினலுக்கு அடியில் பாடியின் கறுப்பு பெயிண்ட் கண்ணாடி போல அப்படியே மின்னியது. முடுக்கும்போது டெர்மினலின் விளிம்பு உரசி ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் பெயர்ந்திருந்தது: நகக்கண் அளவுக்கு, பிறை வடிவில் ஒரு வெள்ளிக் கீற்று. அந்த விளக்கின் மின்சாரம் முழுவதும் அந்தக் கீற்று வழியாகவும் போல்ட்டின் மரை வழியாகவும்தான் திரும்பிக்கொண்டிருந்தது. வெற்று உலோகம் தெரியும் வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, வெளியே கிரீஸ் பூசினேன். 0.06 வோல்ட்டுக்கு இறங்கியது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட மூன்று மடங்குக்கும் மேல் வேகமாகச் சரியும். 13.8 வோல்ட்டில் 1.8-ஐ இழந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பெயிண்ட் தின்றது அத்தனையும்.

பிப்ரவரி 4, இரவு 10.20

நீங்கள் அளந்து சொன்னவை: இடது 0.05, வலது 0.07, இண்டிகேட்டர் மின்னும்போதும் அதே அளவு. அப்படியானால் உங்கள் எர்த்தில் பழுதே இல்லை. என் கணிப்பு தவறு, திரும்பப் பெறுகிறேன். என் வண்டியில் பட்ட அடியை உங்கள் வண்டியின் மேல் ஏற்றிவிட்டேன். ஆனாலும் அளந்தது வீணில்லை. இனி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவற்றை இப்போது கேட்கிறேன்.

துடிப்பது இடது விளக்கு மட்டுமா, இரண்டுமா? துடிப்பு இண்டிகேட்டரின் தாளத்தோடு சேர்ந்து வருகிறதா, அதைவிட வேகமா? வண்டி வேகமாகப் போகும்போதும் உண்டா? ஃபாக் லைட் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் நடக்கிறதா? ரிலேயை இயக்கும் மின்சாரம் வருகிற 86-ஆம் முனைக்கு எந்த வயரைக் கொடுத்தீர்கள்?

கையில் வேறு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டும் பாருங்கள்.

பிப்ரவரி 5, மாலை 6.40

உங்கள் பதில்களைப் படித்ததும் பாதி விடிந்துவிட்டது. இரண்டு விளக்கும் துடிக்கின்றன. இண்டிகேட்டரைவிடப் பல மடங்கு வேகமாக. வண்டி மெல்லப் போகும்போது மட்டும், அதுவும் ஹெட்லைட் எரியும்போது மட்டும். ஃபாக் சுவிட்ச் அணைந்திருந்தாலும் நடக்கிறது. நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தாலும் நடக்கிறது. அப்போது பானெட்டுக்குள்ளிருந்து வண்டு ரீங்கரிப்பது போல் "டர்ர்" என்று ஒரு சத்தம். 86-ஆம் முனைக்குக் கொடுத்தது இடது ஃபாக் லைட்டின் பழைய கனெக்டரிலிருந்து. வலது பக்கப் பழைய கனெக்டரை டேப் சுற்றிக் கட்டிவிட்டீர்கள்.

இது எர்த் கோளாறு அல்ல. உங்கள் காரில் ஃபாக் லைட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: திருப்ப விளக்கு. பல கார்களில் ஹெட்லைட் எரியும்போது, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே, இண்டிகேட்டர் போட்டாலோ ஸ்டியரிங்கை ஒடித்தாலோ அந்தப் பக்கத்து ஃபாக் லைட் மட்டும் தானாக எரிந்து திருப்பத்தைக் காட்டும். சட்டென்று எரியாது, மெல்ல ஏறி மெல்ல அணையும். அப்படி மெல்ல ஏற்றுவதற்கு வண்டியின் பாடி கண்ட்ரோல் மாட்யூல் (விளக்கு, பூட்டு போன்றவற்றை இயக்கும் கணினிப் பெட்டி) மின்சாரத்தை நொடிக்குப் பல பத்து முறையோ அதற்கு மேலோ வெட்டி வெட்டிக் கொடுக்கும். ஹாலஜன் இழை அத்தனை வேகத்தில் குளிர முடியாது. ஆகவே நம் கண்ணுக்கு அது சீரான மங்கல் வெளிச்சம். நீங்கள் அந்த இடத்தில் ரிலேயை மாட்டியிருக்கிறீர்கள். ரிலேக்குள் இருப்பது காந்தம் இழுக்கிற இரும்புத் தகடு. அது பாதி திறந்து நிற்க முடியாது. வெட்டி வெட்டி வரும் மின்சாரத்துக்கு அது அடித்துக்கொள்கிறது. அந்த "டர்ர்" அதுதான். ஒரே ரிலே இரண்டு விளக்கையும் இயக்குவதால் இரண்டும் துடிக்கின்றன. வலது பக்கம் திரும்பும்போது மாட்யூல் வலது கனெக்டருக்குத்தான் மின்சாரம் அனுப்புகிறது. அது டேப்புக்குள் கிடக்கிறது. ஆகவே ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது தொல்லையும் இதே முடிச்சில்தான் இருக்கிறது. மாட்யூல் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு ஆம்பியர் அளவுக்கு ஓட்டத்தை எதிர்பார்க்கிறது. இடது பக்கம் அதற்குத் தெரிவது ரிலேயின் காயில், அதாவது உள்ளே இருக்கும் காந்தச் சுருள், மட்டும். அது குடிப்பது 0.15 ஆம்பியர் அளவு. வலது பக்கம் எதுவுமே இல்லை. இரண்டு பல்பும் போய்விட்டன என்று அது சொல்வதில் என்ன தவறு?

அந்தத் தகடு அடித்துக்கொண்டே இருந்தால் முனைகள் பொரிந்து ஒட்டிக்கொள்ளும். ரிலேயைக் கழற்றி வையுங்கள். ஒரு வாரம் ஃபாக் லைட் இல்லாமல் ஓட்டலாம்.

பிப்ரவரி 5, இரவு 9.05

அவசரம். நேற்று போகிற போக்கில் "வேறு ரிலே இருந்தால் மாற்றிப் பாருங்கள்" என்று எழுதிவிட்டேன். நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், அதன்பின் எதுவுமே எரியவில்லை, எந்த ஃபியூஸும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ரிலேயின் மேல் அச்சிட்ட படத்தைப் பாருங்கள். காயிலுக்குக் குறுக்கே ஒரு முக்கோணமும் கோடும் இருந்தால் உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) இருக்கிறது.

சாதாரண ரிலேயில் காயிலின் இரு முனைகளான 85, 86 இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் வேலை செய்யும். டயோடு வைத்த ரிலேயில் 86 பாசிட்டிவாகவும் 85 எர்த்தாகவும்தான் இருக்க வேண்டும். மாறினால் டயோடு நேர்வழியில் திறந்துகொண்டு ஷார்ட் ஆகிவிடும்.

பிப்ரவரி 5, இரவு 10.30

படம் கிடைத்தது. டயோடு இருக்கிறது, கிட்டின் வயரிங்கில் 85, 86 இடம் மாறியும் இருக்கிறது. என் அரைகுறை யோசனையால் வந்த வினை இது. எச்சரித்திருக்க வேண்டும், மன்னியுங்கள். அந்த இடத்தில் பழைய காலத்து வண்டியாக இருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். இக்காலத்து மாட்யூலில் பெரும்பாலும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் மின்னணு சுவிட்ச் இருக்கும். ஷார்ட்டை உணர்ந்ததும் அந்த வழியை மூடிக்கொள்ளும். ரிலேயை எடுத்துவிட்டு, வண்டியை அணைத்துப் பூட்டி, அரை மணி நேரம் கழித்துத் திறந்து, பழைய ஹாலஜன் பல்பை இடது கனெக்டரில் செருகிப் பாருங்கள்.

பிப்ரவரி 6, காலை 6.50

எரிந்தது என்று படித்தேன். இரவெல்லாம் இதே நினைப்பாக இருந்தது.

பிப்ரவரி 6, மதியம் 1.15

பழைய பல்பை மீட்டரில் வைத்தால் 0.4 ஓம் காட்டுகிறது, ஷார்ட்டா என்று கேட்கிறீர்கள். இல்லை. எரியும்போது 55 வாட் பல்பின் தடை 2.6 ஓம் அளவு. குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். மீட்டர் வயர்களின் தடையும் அதோடு சேர்ந்து காட்டும். சுவிட்ச் போட்ட கணத்தில் ஹாலஜன் பல்பு பல மடங்கு ஓட்டத்தை இழுப்பதும் இதனால்தான். பல்பு மாட்டியிருக்கும்போது வயரில் ஓம் அளந்து "எங்கோ ஷார்ட்" என்று தேடி அலைந்தவர்கள் பலர். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால்தான் வயரின் நிலை தெரியும்.

பிப்ரவரி 6, இரவு 9.30

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: உங்களுக்கு ரிலே எதற்கு?

ரிலே என்பது சுமை கூடும்போது வேண்டியது. நான் 19-லிருந்து 55-க்குப் போனேன், எனக்கு வேண்டியிருந்தது. நீங்கள் 55 வாட்டிலிருந்து இறங்கியிருக்கிறீர்கள். உங்கள் எல்.இ.டி.யின் அட்டையில் உண்மையான மின்நுகர்வு ஒவ்வொன்றும் 15 வாட் என்று போட்டிருப்பதாகச் சொன்னீர்கள், 13.5 வோல்ட்டில் 1.1 ஆம்பியர். நான்கு ஆம்பியரைச் சுமந்த வயர் இதைத் தூக்கத்திலும் சுமக்கும். கிட்டில் ரிலே வந்தது எந்த ஃபாக் லைட்டும் இல்லாத வண்டிகளுக்காக. பெட்டியில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் மாட்ட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது: பேட்டரியிலிருந்து வரும் கிட் வயரை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். இடது எல்.இ.டி.யை இடது பழைய கனெக்டரிலும் வலதை வலது கனெக்டரிலும் நேராகச் செருகுங்கள். எரியவில்லையென்றால் கனெக்டரில் பாசிட்டிவ் எது, எர்த் எது என்று மீட்டரால் பார்த்து முனைகளை மாற்றிக் கொடுங்கள். ஹாலஜனுக்குத் திசை இல்லை, எல்.இ.டி.க்கு உண்டு.

எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். இடது வயரில் இணைப்பு கொடுக்க நீங்கள் பயன்படுத்திய அந்த அழுத்துக் கிளிப்பை எனக்குப் பிடிக்காது. உள்ளே இருக்கும் தகடு வயரின் தோலைக் கிழித்துத்தான் தொடுகிறது. கிழித்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். பம்பருக்குக் கீழே, சக்கரம் சேற்றுநீரை வாரி அடிக்கிற இடம் அது. சில மாதங்களில் செம்பு பச்சை பூத்துவிடும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, உட்புறம் பசை தடவிய சுருங்குகுழாயைப் போட்டுப் புதிதாக இணையுங்கள்.

பிப்ரவரி 7, இரவு 8.45

இணைத்துவிட்டீர்கள். மெல்ல ஏறி அணையும் நேரத்தில் மட்டும் இலேசான துடிப்பு, எச்சரிக்கை இன்னும் போகவில்லை. இரண்டும் எதிர்பார்த்ததுதான்.

வெட்டி வெட்டி வரும் மின்சாரத்தை எல்.இ.டி. அப்படியே காட்டிவிடும், அதற்கு இழையின் சோம்பல் கிடையாது. ஓட்டமும் நான்கு ஆம்பியருக்குப் பதில் ஒன்று என்பதால் மாட்யூலுக்குச் சந்தேகம் தீரவில்லை. வழிகள் மூன்று. உங்கள் வண்டியின் மாட்யூல் செட்டிங்கில் விளக்கு வகையை எல்.இ.டி. என்று மாற்ற முடிந்தால் அதுவே உத்தமம். சூடு இல்லை, கூடுதல் பொருள் இல்லை. இல்லையென்றால் கனெக்டருக்கும் விளக்குக்கும் நடுவே மாட்டும் டிகோடர்: உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டர் வெட்டுகளை நிரப்பி விளக்குக்குச் சீராகக் கொடுக்கும். மூன்றாவது, பலரும் கைவைக்கும் சுமைத் தடை: கூடுதல் ஓட்டத்தை இழுத்து, பல்பு இருக்கிறது என்று மாட்யூலை நம்பவைக்கும்.

அந்த மூன்றாவதைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தங்க நிறத்தில் வரும் 6 ஓம், 50 வாட் தடையை விளக்குக்கு இணையாகக் கொடுத்தால் அது 2.25 ஆம்பியர் குடிக்கும், 30 வாட் அளவுக்குச் சூட்டைக் கக்கும். மேலே 50 வாட் என்று எழுதியிருப்பது தகுந்த உலோகத் தகட்டில் இறுக்கிப் பொருத்தினால்தான் செல்லும். காற்றில் தொங்கவிட்டால் தொட்ட விரல் கொப்புளிக்கும். பிளாஸ்டிக் பம்பரில் ஒட்டினால் பிளாஸ்டிக் இளகும். இரண்டு பக்க டேப்பில் ஒட்டிய தடை ஒன்று உருகி விழுந்து வயர்க்கட்டின் மேல் கிடந்ததை நான் ஒரு வண்டியில் கண்ணால் பார்த்திருக்கிறேன். வயரின் தோல் அந்த இடத்தில் கருகி, செம்பு தெரிந்தது. டிகோடர் என்ற பெயரில் வருபவை சிலவற்றிலும் உள்ளே இதே தடைதான் இருக்கிறது. பத்து நிமிடம் எரியவிட்டுப் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

பிப்ரவரி 9, காலை 7.10

டிகோடர் போட்டபின் துடிப்பும் எச்சரிக்கையும் போய்விட்டன. மகிழ்ச்சி. ஆனால் நேற்று காலையும் பேட்டரி இறங்கியிருந்தது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கிட்டின் வயர் இப்போது பேட்டரியிலேயே இல்லை. ஆகவே திருட்டு வேறெங்கோ நடக்கிறது.

கணக்குப் பாருங்கள். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி கரைந்தாலே ஸ்டார்ட்டர் தடுமாறும். 48 மணி நேரத்தில் 30 கரைய வேண்டுமென்றால் 0.6 ஆம்பியர் இடைவிடாமல் ஓட வேண்டும். ஆரோக்கியமான கார் தூங்கியபின் 0.05 ஆம்பியருக்குள் இருக்கும். இது ஏதோ சின்ன விளக்கு எரிவதல்ல; மாட்யூல்கள் தூங்கவே போகவில்லை என்று தோன்றுகிறது.

மீட்டரை 10 ஆம்பியர் முனைக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் வயருக்கும் முனைக்கும் நடுவே தொடராக வையுங்கள். அப்படி வைத்திருக்கும்போது மறந்தும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. பானெட் திறந்திருப்பதால் அதன் பூட்டு நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பானெட் மூடிவிட்டது என்று வண்டி நம்பட்டும். கதவுகளைப் பூட்டிவிட்டு நாற்பது நிமிடம் காத்திருங்கள்.

பிப்ரவரி 9, இரவு 9.20

0.7 ஆம்பியர், நாற்பது நிமிடம் கழித்தும் இறங்கவில்லை. பூட்டு நாக்கைத் தள்ளியபோதும் அளவில் எந்த மாற்றமும் இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்வி: வண்டியைப் பூட்டும்போது இண்டிகேட்டர் மின்னி உறுதி சொல்கிறதா?

பிப்ரவரி 9, இரவு 9.45

"முன்பு மின்னும், இப்போது மின்னுவதில்லை, பொருட்படுத்தவில்லை." அப்படியானால் பானெட் திறந்தே இருக்கிறது என்று வண்டி நினைக்கிறது. பம்பரைக் கழற்றியபோது பூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வயர் கொண்ட சிறு கனெக்டர் எதையாவது பிடுங்கினீர்களா? பானெட் சுவிட்சின் கனெக்டர் அது. சில கார்களில் பானெட் திறந்திருப்பதாகத் தெரிந்தால் மாட்யூல் விழித்தே இருக்கும், திருட்டு எச்சரிக்கையும் முழுமையாக இயங்காது.

பிப்ரவரி 10, காலை 8.00

ரேடியேட்டருக்கு முன்னால், குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால், சேறு அப்பிய கனெக்டர் ஒன்று தலைகீழாகத் தொங்கியது என்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே இரண்டு முனைகளில் ஒன்று பச்சை பூக்கத் தொடங்கியிருக்கிறது. செருகுவதற்கு முன் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தது நல்ல காரியம். 0.7 ஆம்பியர் இருபது நிமிடத்தில் 0.02-க்கு இறங்கியது. ஃபாக் லைட் கோளாறுக்கும் பேட்டரி இறங்கியதற்கும் மின்வழியில் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே நாளில், ஒரே கையால் தொட்டவை என்பதுதான் தொடர்பு. மூன்று தொல்லைக்கும் ஒரே காரணத்தைத் தேடி முதல் நாள் முழுக்க நான் எர்த் எர்த் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பேட்டரியை வெளிச் சார்ஜரில் ஓர் இரவு முழுக்கப் போடுங்கள். இரண்டு மூன்று முறை அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரியைக் குறுகிய ஓட்டத்தில் வண்டியே நிரப்பிவிடாது. சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் ஓய்வுக்குப் பிறகு 12.6 வோல்ட் நின்றால் தேறிவிட்டது.

பிப்ரவரி 12, இரவு 9.00

கண்ணாடிக்குள் மூடுபனி போல் ஈரம் படிகிறது, முன்பு இப்படி இல்லை என்கிறீர்கள். ஹாலஜன் முன்பக்கமாகச் சூட்டைத் தள்ளும். அந்தச் சூட்டில் கண்ணாடி தானாகக் காயும். எல்.இ.டி. தன் சூட்டைப் பின்பக்கம் தள்ளுகிறது, கண்ணாடி குளிர்ந்தே இருக்கிறது. இலேசான படலம் வண்டி ஓடும்போது மறைந்தால் கவலை இல்லை. பின்னாலிருக்கும் சிறு காற்றுத்துளையைச் சிலிக்கான் வைத்து அடைத்துவிடாதீர்கள். ஈரம் வெளியேறும் வழி அதுதான். நீர்த்துளிகளாக ஓடினால் பல்பின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை.

இன்னொன்று. ஹாலஜனுக்கென வார்த்த குழிக்கண்ணாடியில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் கதிர் சிதறும். சமதரையில் வண்டியை நிறுத்திச் சுவரில் வெளிச்சத்தைப் பாருங்கள். மேல்விளிம்பு கிடைக்கோடாக, வெட்டினாற்போல் இருக்க வேண்டும்; அந்தக் கோடு விளக்கின் உயரத்தைவிடச் சற்றுக் கீழே விழ வேண்டும். ஐ.நா. விதிமுறை 48 கார்களின் முன் ஃபாக் லைட்டைத் தரையிலிருந்து 250 முதல் 800 மில்லிமீட்டருக்குள் வைக்கச் சொல்வதே பனிக்கு அடியில் வெளிச்சம் போவதற்குத்தான். மேலே சிதறும் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும், எதிரே வருபவரின் கண்ணையும் கூசவைக்கும். சிதறினால் அந்த பல்பு வேண்டாம், எல்.இ.டி.க்கென்றே செய்து ஒப்புதல் பெற்ற முழு விளக்கை வாங்குங்கள். அந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினால் நான் மறுக்கமாட்டேன்.

பிப்ரவரி 13, காலை 7.40

மேல்விளிம்பு வெட்டினாற்போல் இருக்கிறது என்று படம் பார்த்தேன். வலது பக்கம் விரற்கடை அளவு உயர்ந்திருக்கிறது. திருகாணியை அரைச் சுற்று இறக்குங்கள்.

பிப்ரவரி 15, மாலை 5.30

உங்களுக்கு இத்தனை எழுதியபின் என் வண்டியை அளக்காமல் இருக்க முடியவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் 0.06 காட்டிய இடது எர்த் இன்று 0.19. கிரீஸ் கரைந்து, வளைய டெர்மினலின் கீழ்விளிம்பில் துரு அரிசிமணி அளவுக்கு ஏறியிருந்தது. சுரண்டித் துடைத்து மறுபடி முடுக்கினேன். 0.05.

வலது பக்க போல்ட் அசையவில்லை. துருநீக்கி எண்ணெய் ஊற்றி விட்டிருக்கிறேன், நாளை பார்க்க வேண்டும்.